பேர் போடாத மலை

எங்கள் பக்கத்தில் மலைக்குப் போகிறேன் என்றால்
கொழுந்தெடுக்கப் போகிறேன் என்றுதான் பொருள்.
மூன்றாம் நம்பர் மலை, பதினோராம் நம்பர் மலை,
போன மாதம் கவ்வாத்து வெட்டிய மொட்டை மலை.
எல்லாம் கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் இருக்கிறது.

அதனால்தான்
வெறுங்கையோடு நாங்கள் கிளம்பிய காலையில்
பீலியடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த தவசீலன்
‘ஞாயித்துக்கெழமையுமா மலைக்கு?’ என்றான்.
ஆமாம்.
‘டபுள் பேரா?’
பேரே இல்லை என்றேன்.
நுரையைத் துப்ப மறந்து நின்றான்.

கூடையில்லாததை என் முதுகு
முதல் அரை மணி நேரம் நம்பவில்லை.
கயிறு அழுத்தும் உச்சந்தலையைக்
கை தானாகப் போய்த் தடவியது.
இதல்கஸ்ஹின்ன ஸ்டேஷனுக்கு மேலே, கானு ஓரமாக ஏறி,
கடைசித் தேயிலைச் செடியைத் தாண்டும் இடத்தில்
சந்தனமேரி நின்றாள்.
அவள் விரல் அதற்குள் மூன்று கொழுந்தைக் கிள்ளியிருந்தது.
‘சீ’ என்று உதறினாள்.

அதற்கப்புறம் மானாப்புல்.
மாடு போன தடம் ஒன்று இருந்தது,
அதுவும் சதுப்பில் இறங்கி நின்றுவிட்டது.
திரும்பி வந்து வேறு பக்கம் பிடித்து ஏறினோம்.
காலுக்குச் சவுக்காரம் பூசியிருந்தோம்.
அட்டை சவுக்காரத்தை மதிக்கவில்லை.

பத்தரைக்கு மூடுபனி இறங்கியது.
என் கை எனக்குத் தெரிந்தது, மேரி தெரியவில்லை.
‘ஏய் பாக்கியவதி!’
இங்கேதான் என்றேன்.
பெரட்டில் பேர் கூப்பிடும்போது இருக்கேன் என்பேனே,
அந்தக் குரல் இல்லை இது.
எனக்கே புதிதாக இருந்தது.

உச்சியில் ஒன்றுமில்லை.
ஒரு சர்வே கல், பக்கத்தில் மரைப் புழுக்கை.
ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்று
போத்தல் பிளேன்டீயை மாறி மாறிக் குடித்தோம்,
ஆறிப்போயிருந்தது.

பிறகு பனி கிழிந்தது.
தெற்கே தரை அப்படியே கீழே விழுந்து கிடந்தது,
அதன் கடைசியில் ஒரு வெள்ளைக் கோடு.
கடல் என்றேன் நான்.
தகரக் கூரை என்றாள் அவள்.
இன்னும் தீரவில்லை அந்தச் சண்டை.

மறுபக்கம் எங்கள் தோட்டம்.
மூன்றாம் நம்பரும் பதினொன்றும்
எல்லையில்லாமல் ஒரே பச்சையாய்க் கிடந்தன.
மேரி நெடுநேரம் தேடினாள்,
நிறைமாதத்தில் கொழுந்து மூட்டையோடு
அவள் வழுக்கி விழுந்த கானை.
அங்கிருந்து அது தெரியவேயில்லை.
‘இவ்வளவுதானா’ என்றாள்,
கோபமாக.
நான் அட்டைக்கடியைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

இறங்கும்போது முழங்கால்தான் பேசியது.

திங்கட்கிழமை, ஆறரை, பெரட்டு.
‘ஏன் நொண்டுற?’
மலைக்குப் போனேன் ஐயா.
காதிலிருந்து பென்சிலை எடுத்தார் கணக்கப்பிள்ளை.
‘எந்த நம்பர்?’
மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.