மூன்று இலக்கம், பின்னோக்கி

நான் சொன்னேன்: நான்கு, ஒன்பது, இரண்டு.
கடைசியிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும்.
"இரண்டு" என்றான் ரோக்.
பிறகு ஜன்னலைப் பார்த்தான்.
வெளியே போரா.
அந்தக் காற்று முற்றும் நாட்களில்
திரியெஸ்தேயின் மேட்டுத் தெருக்களில்
முன்பெல்லாம் கயிறு கட்டுவார்களாம், பிடித்து நடக்க.
"ஒன்பது."
மூன்றாவது எண்
எங்கோ கயிற்றை விட்டுவிட்டது.

நான் தலையசைக்கக் கூடாது.
சரியென்றோ தவறென்றோ என் முகம் சொல்லக் கூடாது.
விதி அப்படி.
படிவத்தில் ஒரு சுழியம் போட்டேன்
பென்சில் சத்தம் கேட்காதபடி.

பத்து மாதம் முன்புவரை
துறைமுகத்தருகே காப்பிக்கடையில் பரிமாறியவன்.
இந்த ஊரில் காப்பி என்று மட்டும் கேட்டால்
எந்தக் காப்பி என்பார்கள்.
நேரோ, காப்போ, கோச்சா,
கண்ணாடிக் குவளையில் வேண்டுமென்றால் 'இன் பி'.
ஆறு மேசை, பதினான்கு பேர்,
எழுதாமல் வாங்கி மாறாமல் கொடுத்தவன்.

அவனே சொன்னான்:
"முதலில் குரல்கள் வரவில்லை.
முதலில் நான்காம் மேசை போயிற்று.
அங்கிருந்து இயந்திரத்துக்குப் பன்னிரண்டு எட்டு.
போய்ச் சேரும்போது
கையில் தட்டு இருக்கும்,
தலையில் ஒன்றும் இருக்காது.
ஈரச் சோப்பு மாதிரி.
இறுக்கினால் இன்னும் தூரம் போகும்."

சோம்பேறி என்றார் முதலாளி.
போதை என்றார் மாமா.
காதல் என்றாள் எதிர்வீட்டுக்காரி, கொஞ்சம் ஏக்கத்தோடு.
ஐந்து மாதம் கழித்துத்தான்
குளிர்பெட்டி அவன் பெயரைச் சொல்லத் தொடங்கியது.

ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தான்.
காந்தம் தட் தட் தட்டென்று அடித்தது,
பூட்டிய வீட்டை யாரோ தட்டுவதுபோல.
எழுத்துகள் வந்து போகும்.
இரண்டுக்கு முன் பார்த்தது மறுபடி வந்தால்
பொத்தானை அழுத்த வேண்டும்.
நெற்றிக்குப் பின்னால்
ஒரு பலகை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:
வாக்கியத்தின் தலையைப் பிடித்தபடியே
வாலுக்குப் போய்ச் சேர,
ஒரு ஜோக்குக்குச் சிரிக்கக்கூட
அந்தப் பலகை வேண்டும்.
அவனுடையதை யாரோ
எழுதும்போதே துடைக்கிறார்கள்.

ரோக் இரட்டைப் பிறவி.
பத்தொன்பது நிமிடம் மூத்தவள் நேவியா,
படகுப் பள்ளியில் பாய்மரம் கற்பிக்கிறவள்.
ஒப்பிட ஆள் வேண்டும் என்றதும் ஒப்பினாள்.
ஆறு இலக்கத்தைப் பின்னோக்கிச் சொல்லிவிட்டு
கதவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:
"என்னுடையதைக் கொஞ்சம் குறைத்துப் போட முடியுமா?"
முடியாது என்றேன்.
அன்று மாலை முழுக்க அந்தச் சொல் எனக்குக் கசந்தது.

திரையில் இரண்டு மூளை, அருகருகே.
சாம்பல், வெண்மை, நடுவில் கொஞ்சம் இருட்டு.
பெயர்களை மறைத்திருந்தோம்.
"எது என்னுடையது?" என்றாள்.
எனக்குத் தெரியவில்லை.
மருத்துவர் வாஸ்கோட்டோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
அவருக்கும் தெரியவில்லை.
எண்பது பேரைக் கூட்டி, எண்பதால் வகுத்து,
நலமான எண்பது பேரோடு வைத்துப் பார்த்தால்
நெற்றி மடிப்பில் ஒரு மெலிவு வரும்,
ஒரு தாளின் தடிமன்.
மெலிந்திருப்பது சராசரி.
சராசரி எந்தக் கடையிலும் வேலை பார்க்கவில்லை.
சராசரிக்கு அக்காவும் கிடையாது.

"அப்படியானால் அது எங்கேதான் இருக்கிறது?"
நேவியா திரையைத் தொட்டாள்.
விரல்ரேகை பதிந்தது,
இருவரில் ஒருவர் மேல்.

மாலை, தாழ்வாரம்.
ரோக் கோட்டுப் பொத்தான்களை
மேலிருந்து போட்டு, பாதியில் நிறுத்தி,
மறுபடி மேலிருந்து தொடங்கினான்.
நேவியா உதவக் கையெடுத்து, பையில் போட்டுக்கொண்டாள்.
கதவு திறந்ததும் காற்று உள்ளே புகுந்து
என் படிவங்களைப் புரட்டியது.
குனிந்து பொறுக்கும்போது கேட்டது:
"நான்கு."

நிமிர்ந்தேன்.
இரண்டு மணி நேரம் தாமதம்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
விட்டுப்போன எண்ணைச் சொன்னானா,
விட்டுவந்த மேசையைச் சொன்னானா,
கேட்பதற்குள்
இருவரும் காற்றில் சாய்ந்து
இறக்கத்தில் நடந்துகொண்டிருந்தார்கள்.