இருபது நிமிடம்

கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம்.
இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து
சாய்த்துப் பார்க்க வேண்டும்.
பாம்புக்கடிக்குச் செய்கிற சோதனை,
டிக்கோயாவுக்கு வந்தபின் கை பழகியது.

சாய்த்தேன்.
சாயத்தண்ணி போல ஓடியது.

"பாம்பா?" என்றார் தமயந்தி மிஸ்ஸி.
இல்லை, கவ்வாத்துக் கத்தி.
நாலு நாளைக்கு முன் ரெங்கனின் காலில் இறங்கியது.
கான் தண்ணியில் கழுவி, துணி சுற்றி,
கொந்தரப்பு முடியட்டும் என்று
மறுபடி மலையேறிய கால்.

சீழைத் தடவிச் சாயம் ஏற்றினேன்.
ஊதா கழுவுண்டு போக
இளஞ்சிவப்பாய் மிஞ்சின சிறு கோல்கள்.
மேல்தோலில் கொஞ்சம் கொழுப்பு, ஒரு சர்க்கரைச் சங்கிலி.
அவ்வளவுதான் நஞ்சு.
அதற்குப் பல் இல்லை.
செத்த கிருமியிலிருந்து உரிந்து மிதந்து வந்தாலும்
வெள்ளையணு தொட்டதும் அறியும்,
நடுச்சாமத்தில் புகை வாசத்துக்கு
லயத்தில் முதலில் விழித்தவள் போல.
அவள் போடுகிற கூச்சல்தான் காய்ச்சல்.

சில அணுக்கள் அதைத்
தம் வயிற்றுக்குள்ளேயே கண்டுகொள்ளும்.
தம் சுவரைத் தாமே துளைத்து வெடிக்கும்.
சிதறும் ஓடுகளில் ஒரே கட்டளை ஒட்டியிருக்கும்:
உறை.

ஓரிடத்தில் என்றால் நல்ல யோசனைதான்.
வழியை அடை, வந்தவனை உள்ளே வைத்துக் கட்டு.
ரெங்கனுக்குள் கட்டளை எல்லா இடமும் போய்விட்டது.
விரல் நுனியில், சிறுநீரகத்தில்,
மயிரிழைக் குழாய் ஒவ்வொன்றிலும்
நார் நாராய் வலை.
பின்னிப் பின்னி நூல் தீர்ந்தது.
இப்போது ஊசி குத்திய துளையைக்கூட
மூட ஆளில்லை.

யாரைக் குறை சொல்ல?
காவல் தூங்கவில்லையே.

ஒன்றேகாலுக்கு அம்புலன்ஸ் கண்டிக்குக் கிளம்பியது.
புவனா செருப்பை மறந்து ஏறினாள்.
கினிகத்தேனை வளைவுகளில் பனி என்று
டிரைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

விடிந்து குவார்ட்டஸுக்குப் புல்லில் நடந்தேன்.
கணுக்காலில் அட்டை.
குடித்துப் பெருத்துத் தானாக விழுந்தது.
உறையாமலிருக்க எதையோ கலந்துவிட்டுத்தான் போகும் அதுவும்.
படியில் உட்கார்ந்தேன்.
ஒரு சொட்டு. துடைத்தால் இன்னொன்று.
மடியில் போன், சிக்னல் ஒரு கோடு.
ஆறு பத்து.
இருபது நிமிடம் பார்ப்போம் என்று
காலை நீட்டிக்கொண்டேன்.

ஆறு ஐம்பதுக்கும்
இரண்டும் அப்படியே.