நேர மண்டலம்

கடல்நண்டு எடைபோடும் கிடங்கில்
கழித்துப்போட்ட கணினி.
பழையதையெல்லாம் அழித்துவிடட்டுமா என்றது லினக்ஸ்.
டானிட்சா கையுறையைக் கழற்றி
ஆம் என்றாள்.

கடவுச்சொல் தட்டினாள்;
திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.
விசைப்பலகை செத்ததோ என்று
கவிழ்த்துத் தட்டினால்
ரொட்டித்தூள், ஒரு நண்டுக்கால் நுனி.
மறுபடி தட்டினாள்,
இருட்டில் பூட்டைத் துழாவுவது போல.
வழிவிட்டது.

எந்த ஊர் நேரம்?
சான்டியாகோவைத் தேடி இறங்கிய விரல்
பாதியில் நின்றது.
வானிலை அறிக்கையில்
அறிவிப்பாளரின் இடுப்புக்குப் பின்னால்
தினமும் காணாமல்போகிற ஊர்
இங்கே எழுத்துப் பிசகாமல் இருந்தது:
புன்டா அரேனாஸ்.
தலைநகரின் கடிகாரத்தோடு ஒட்டாமல்
தனி வரியாய்.

யார் கேட்டார்கள், யார் எழுதினார்கள், தெரியாது.
வெளியே காற்று தகரத்தை உரித்துக்கொண்டிருந்தது.
கடிகாரத்தில் விநாடியும் தெரியட்டும் என்று
அமைப்புகளில் ஒரு டிக் போட்டாள்.