மூன்றாம் தவணை

பள்ளத்தூருக்கு ரயில்
மாட்டுவண்டியில் வந்தது.
தொண்டியில் இறக்கி நாற்பத்தொரு வண்டி.
தண்டவாளம் இரண்டடி அகலத்தில், குறுக்குக் கட்டையோடு சேர்த்தே முடுக்கியது;
இறக்கிய ஆட்கள் ஏணி என்று நினைத்துச்
சுவரில் சாத்திவிட்டுப் போனார்கள்.

பரிதாபி வருஷம். நான் சித. பெரி. வீட்டில் கணக்கு.
ஊருணி வெட்டும் மண்ணைக் கூடையில் சுமந்தால் மூன்று கோடை ஆகும்,
தள்ளுவண்டியில் ஒரே கோடை என்று
மதராஸ் அரண்மனைக்காரத் தெருவிலிருந்து எழுதியிருந்தார்கள்
ஹெல்விக் அண்ட் ஸ்ட்ரோபெல் கம்பெனியார்.
தலைமை ஆபீஸ் ஹாம்பர்க்.
ஜாவாவில் கரும்புக்கும் மலாயாவில் ரப்பருக்கும்
ஆப்பிரிக்காவில் எதற்கோ, படம் மங்கல்,
விற்ற அதே சாமான்.
மூன்று தவணை.

அவர்கள் கேட்லாக்கில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தந்திச் சொல்.
அமாலியா என்றால் ஆறு கவிழ்வண்டி.
அமாண்டா என்றால் அதே ஆறு, பிரேக்கோடு.
வயிரவன் செட்டியார் கேட்லாக்கில் இதை மட்டும் ரசித்தார்.
துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர் அல்லவா,
"நம்ம ஆளுகதான்" என்றார்.
பிரேக் எதுக்கு என்றும் கேட்டார்.
வண்டிக்குப் பதினொன்றேகால் ரூபாய் மிச்சம்.
தந்தி எழுதியது நான்.
அமாலியா. அமாலியா.

சித்திரை கடைசியில் பள்ளம் இருபதடி.
காலி வண்டி சரிவில் இறங்கும்போது
பின்னால் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே வருவார்கள்.
ஒருநாள் கயிறு.

கூத்தாயிக்கு இடது கால், கணுவுக்குக் கீழே.
கேட்லாக்கின் பின்பக்கங்களில்
அச்சாணிக்கு ஒரு எண், வாளியின் கொக்கிக்கு ஒரு எண்,
உருளைக்குள் போகும் தோல் வளையத்துக்குக்கூட ஒரு எண்.
நான் பேரேட்டில் எழுதினேன்:
ஊருணிச் செலவு, கூத்தாயி கால் வகையில், ரூ. 7.
அறுந்த கயிற்றுக்குப் பதில் புதுக் கயிறு, ரூ. 2-4-0.

ஊருணி நிறைந்தது. ஆனந்த வருஷம் சண்டை வந்தது.
எம்டன் சுட்டு மதராஸில் எண்ணெய் எரிந்த வாரம்
அரண்மனைக்காரத் தெரு மாடிக்குச் சீல் வைத்தார்கள்.
பைசாவைக்கூட ரசீதில் விடாத ஏஜெண்ட் துரை
அகமத்நகர் முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்றாராம்.
எங்களிடம் மூன்றாம் தவணை பாக்கி, ஆயிரத்து நூற்றுநாற்பது.
சர்க்கார் கடிதம் வந்தது:
பகைவர் பணம், எங்களிடம் கட்டு.

கட்டினார். ரசீதை வாங்கி என்னிடம் எறிந்தார்.
"இதைத் தண்டம்னு எழுதும்.
கடன் வாங்கினது அவன்கிட்ட. அது அப்படியே நிக்கட்டும்."
வருஷா வருஷம் ஐந்தொகை கட்டும்போது
ஊர் பேர் இல்லாமல் போன கம்பெனிக்கு
வட்டி போட்டுக்கொண்டே வந்தேன்,
முக்கால் வட்டி, தவறாமல்.
ரங்கூன் நெல் மில்லுக்குக் கடன் கொடுத்துத்
தூங்காத மனுஷர் அவர்;
கடன்பட்டிருப்பது அவருக்கு ஒருவிதமான ஓய்வாக இருந்ததோ என்னவோ.

துன்மதி வருஷம் ராட்டர்டாமிலிருந்து ஒரு தபால்.
வேறு பெயர், அதே எழுத்து அச்சு.
பழைய வாடிக்கையாளர் என்று வணக்கம்,
பெட்ரோலில் ஓடும் குட்டி எஞ்சின் என்று படம்.
பாக்கியைப் பற்றி ஒரு வரி இல்லை.

செட்டியார் தாளைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.
ரொம்ப நேரம் பேசவில்லை.
"குடுத்ததைக் கேக்காதவன்ட்ட
சரக்கு வாங்கப்படாது" என்றார்.
அன்று சாயங்காலமே கணக்கை முடிக்கச் சொல்லி
வட்டியும் முதலும் சேர்த்து நகரச் சிவன்கோவில் உண்டியலுக்கு அனுப்பினார்.

ஏழு ரூபாய் வாங்கியவளும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

புதுக் கேட்லாக் என்னிடம்தான் கிடக்கிறது.
இப்போது பிரேக் இல்லாத வண்டியே அவர்கள் செய்வதில்லை போல.
'அ' ஓசையில் தொடங்கும் பக்கங்களை விரலால் தடவிப் பார்த்தேன்.
அமாண்டா இருக்கிறது.