நான்காம் படி

ஏழு படிகள் கொண்ட படிவம்.
விறகுக்கும் மின்சாரத்துக்கும்
அரசு தரும் குளிர்கால உதவித்தொகை.
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில்
தார்த்துவின் ஒரு மூன்றாம் மாடியில்
அதை எழுதியவள் நான்.

பெருமையாகத்தான் இருந்தது.
பின்னால் போ, முன்னால் வா, ஓரெழுத்தும் சிந்தாது.
பேருந்தில் இணைப்பு அறுந்தாலும்
விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.
இதை நாங்கள் நிலை என்போம்:
கதவு எத்தனை முறை திறந்து மூடினாலும்
அசையாத மரச்சட்டம்.
பழைய படிவத்தில்
ஆறாம் பக்கத்தில் கை தவறினால் போதும்,
பழைய குருடி, கதவைத் திறடி.

மூன்றாம் படி: குடும்ப நிலை.
நான்கு பொத்தான்கள். ஒன்றைத்தான் அழுத்தலாம்.
'மணமானவர்' என்றால் நான்காம் படி திறக்கும்,
துணையின் பெயர், பிறந்த தேதி, வருமானம்.
மனம் மாறி வேறொன்றைத் தொட்டால்
நான்காம் படி மறையும்,
அதில் எழுதியதும் துடைக்கப்படும்.
கேட்காத கேள்விக்குப் பதில் எதற்கு?
நான் வைத்த விதிதான்.
சோதனைக்கு ஒரு துணையை வைத்திருந்தேன்,
பெயர் ஆஆஆ,
பிறந்தது ஒன்று ஒன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று.
நூறு முறையாவது துடைத்திருப்பேன்.
யாரும் அழைத்துக் கேட்டதில்லை.

வியாழக்கிழமை
உதவி மையத்து ரைவோ ஒரு புகாரை அனுப்பினான்.
ஹீயுமா தீவு. எண்டல் வாகெர். வயது எழுபத்தெட்டு.
'பிரச்சினை' என்ற கட்டத்தில்
அவர் சொன்னதை அப்படியே தட்டியிருந்தான்:
உங்கள் நாலாம் பக்கம் என் மனைவியைத் தின்கிறது.

சிரித்தோம்.
பிறகு நான் எண்ணைச் சுழற்றினேன்.

அங்கே காற்று. இரண்டு நாளாகப் படகு இல்லையாம்,
இல்லாவிட்டால் நேரில் வந்து காகிதத்தில் கொடுத்திருப்பாராம்.
"முதலில் மணமானவர் என்றுதான் அழுத்தினேன்.
கை பழக்கம்.
ஹெல்வே என்று எழுதினேன், தேதி எழுதினேன்,
வருமானத்தில்தான் நின்றேன்.
அக்டோபரிலிருந்து அவளுக்கு வருமானம் கிடையாது."

திரும்பிப் போய்ச் சரியான பொத்தானை அழுத்தியிருக்கிறார்.
அழுத்தியது சரிதானா என்று பார்க்க
மறுபடி பழைய பொத்தான்.
நான்காம் படி திறந்தது.
வெறும் கட்டங்கள்.

"எத்தனை முறை?"
"எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் திரும்ப எழுதினேன்.
பிழை என்மேல் இருக்கலாம்.
ஆனால் பொத்தானைத்தானே மாற்றினேன், அம்மா.
அழிக்கச் சொல்லவில்லையே."

தொலைபேசியை வைத்த பிறகு
குறிமுறையில் அந்த வரியைத் தேடினேன்.
இருநூற்றுப் பதினாலாம் வரி.
என் பெயரும் தேதியும் பக்கத்தில்.

ரைவோ ஒப்பவில்லை.
"தேவையில்லாத விவரத்தை வைத்திருக்கக் கூடாது.
சட்டம் தெரியும்தானே?"
தெரியும். அவன் சொல்வதும் சரி.
கோப்பை காப்பி ஆறும்வரை வாதாடினோம்,
ஆறியதையும் குடித்தோம்.

மறைப்பது வேறு, துடைப்பது வேறு.
எழுதியது அவருடைய கணினியிலேயே கிடக்கட்டும்,
அவர் சமையலறையில், அவர் உலாவியில்,
அவராக மூடும் வரைக்கும்.
அனுப்பும் நொடியில் மட்டும் சல்லடை:
திறந்திருக்கும் படிகள் போகும், மூடியவை தங்கும்.
பதினோரு வரிகள்.
ஒரு சோதனை சிவப்பானது. ஆஆஆ இன்னும் உயிரோடிருந்தாள்.
எதிர்பார்ப்பைத் திருத்தினேன், பச்சையானது.

திங்கள் மாலை நான்கு ஐம்பத்திரண்டுக்கு
விண்ணப்பம் வந்து சேர்ந்தது.
படி மூன்று: துணையை இழந்தவர்.
படி நான்கு: இல்லை.
படி ஐந்தில் விறகு, ஆறு கன மீட்டர், பிர்ச்.

அனுப்புவதற்கு முன்
எத்தனை முறை பின்னால் போனார்,
அங்கே ஹெல்வே இருந்தாளா,
எனக்குத் தெரியாது.
தெரியாதபடிதான் எழுதியிருக்கிறேன்.