பதினோரு விநாடி

ஆடி அமாவாசைக்கு முந்தின ராத்திரி.
தீவை நோக்கி ஒரே சிவப்பு வால்வெளிச்சம்,
உச்சிப்புளி தாண்டி இடம் போதாமல்
நெளிகிறது என் ஆறாவது திரையில்.
வெளியே கச்சான் காற்று.
பாலத்துக் காற்றுமானி நாற்பத்தெட்டு என்கிறது.

பதினாலாம் கேமராவில் உப்பு படிந்திருந்தது.
அதன்முன் உட்கார்ந்த கொக்கைக்
கனரக வாகனம் என்று எழுதிக்கொண்டது கணினி.
நம்புராஜன் ஏணியோடு போய்த் துடைத்தான்.
கொக்கு பறந்தது,
ஒரு லாரி குறைந்தது.

கெட்டிக்காரக் கணினிதான், குறை சொல்ல மாட்டேன்.
பரமக்குடியில் கூட்டம் சேரும்போதே
இங்கே பச்சையை நீட்டத் தொடங்கிவிடும்.
போன ஆடியில் மூணு மணி நேரம் நின்ற பஸ்
இன்று நாற்பது நிமிஷத்தில் கடலைப் பார்க்கிறது.
ஆம்புலன்ஸ் வந்தால்
அதற்கு முன்னால் ஓடிப்போய்க்
கதவு கதவாய்த் திறந்துவைக்கிறது.
அப்போது மட்டும் எனக்குக் கைதட்டத் தோன்றும்.

மூன்று இருபது.
கடற்கரைப் பாதை வந்து முட்டும் இடத்தில்
முதுகில் 'சந்தியாகப்பர் துணை' எழுதிய ஷேர் ஆட்டோ.
உள்ளே மூன்று பெண்கள், ஐஸ்பெட்டிகள்.
பின்னால் நாலு மொபெட்,
கூடையில் ஊளி, நகரை.
தரைக்குள் புதைத்த கம்பிச்சுருளுக்கு
மொபெட் தெரியாது. இரும்பு போதாதாம்.
காத்திருக்கும் வாகனம்: ஒன்று.
ஒன்றுக்காக முந்நூற்றுப் பன்னிரண்டை
நிறுத்துவதில்லை என்பது அதன் கணக்கு.
கணக்கு சரி.

ஐஸ்தான் அதில் இல்லை.
ஆட்டோவுக்கு அடியில்
தார்மேல் கறுப்பாய் நீள்கிற ஈரத்தைக்
கேமரா பார்க்கிறது,
எண்ணமாட்டேன் என்கிறது.
ராமநாதபுரத்தில் ஐந்து மணிக்கு ஏலம்.
அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது.
செவுளைப் பிளந்து பார்த்து
விலையைக் குறைக்கிறவள்தான் நானும்.

கைப்பொத்தானின் கண்ணாடி மூடியைத் திறந்தேன்.
பதினோரு விநாடி.
ஆட்டோ,
அப்புறம் கணக்கில் இல்லாத நாலுபேர்.
கடைசி மொபெட் நடுச்சாலையில் அணைந்து
உதைத்து உதைத்துக் கிளம்பியது.
எத்தனை ஹாரன்! திரைக்குச் சத்தம் கிடையாது,
வெளிச்சம் துடித்ததை வைத்துச் சொல்கிறேன்.

காரணம் கேட்டது கணினி.
விபத்து. வி.ஐ.பி. கால்நடை. வானிலை.
'இதர'வை அமுக்கி
ஐஸ் என்று தட்டினேன்.

ஆறு மணிக்கு வந்த பொறியாளர் இபுராம்சா
அதைப் படித்தார். சிரிக்கவில்லை.
"ரேடார் கேட்டு எழுதியாச்சு, மூணு மாசமாகும்.
அதுவரைக்கும் மூடியைக் கழற்றியே வையுங்க."

வீட்டுக்குக் கிளம்பி
அதே முக்கில் வந்து நின்றேன்.
சிவப்பு.
இன்னும் சிவப்பு.
என் ஸ்கூட்டியைக் குனிந்து பார்த்தேன்.
இரும்பு போதாது.