காரணம் எழுதும் கட்டம்

நாளை ராத்திரி லாரி.
கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது:
ஆறு மணிக்கே தீவனத்தைத் தூக்கிவிடு,
தண்ணீர் போதும்.

இரண்டாயிரத்து நானூறு இறங்கியது.
இன்று காலை வரை
எண்பத்தொன்று குழிக்குப் போயிற்று.
நோட்டில் தேதி, எண்ணிக்கை, என் கையெழுத்து.
காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது.
பெரும்பாலும் 'கால்' என்று எழுதுவேன்.
நெஞ்சு முந்திப் பெருத்து
கால் பிந்திப்போன பிள்ளைகள்.

விளக்கை அணைப்பதில்லை.
கரண்ட் போனால் மிரண்டு
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும்.
அதனால் இவற்றுக்குப் பிறந்ததிலிருந்து
ஒரே பகல்,
நாற்பத்தொரு நாள் நீளத்துக்கு.

எழுமலை ரோட்டுக்கு அந்தப் பக்கம்
என் சொந்தக் கோழிகள் மேய்கின்றன.
கம்பெனிக்காரன் பார்த்தால் சண்டை,
நோய் கொண்டுவருமாம்.
கம்மாய்க் கரையில் கறையான் கிளறும்,
சாக்கடையும் கிளறும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.
போன ஈட்டில் பருந்துக்கு மூன்று, கீரிக்கு இரண்டு
குஞ்சுகளாய் வரி கட்டின.
அந்தச் சுதந்திரம்
மதுரையில் கிலோ அறுநூறு.

சனிக்கிழமை சோலைமலை அண்ணன் மொபெட்டில் வருவார்.
சிம்மக்கல்லில் மெஸ்.
வாசல் போர்டில் 'ஒரிஜினல் நாட்டுக்கோழி'.
"நாலு கோழிய வச்சு நூறு எலைக்கு எப்படிண்ணே?"
"மல்லியும் மிளகும் வறுத்து அரைச்சா
லாரிக்கோழியும் நாட்டுக்கோழிதான், தாயீ."

குழம்பிடம் பொய் சொல்லலாம்.
பல்லிடம் முடியாது.
லாரிக்கறி வாய்க்குள் போனதுமே
சரி சரி என்று விட்டுக்கொடுத்துவிடும்.
மேய்ந்ததன் தொடை
கடைசி வாய் வரைக்கும் வழக்காடும்.

மாசிப் பச்சைக்குக் கறுப்பியை அறுத்தேன்.
பா... பா... என்றேன், கையில் கம்பு.
வேலிக்குள்ளிருந்து ஓடி வந்தது.
ஒன்பது மாசம் அந்தக் குரலுக்கு ஓடி வந்த கால்.
மடியில் ஏறிக்கொண்டது.
அன்றைக்கு மெல்லும்போது தாடை வலித்தது.
வலிக்கட்டும் என்று மென்றேன்.

கொட்டகைக்குள் இருக்கும் இரண்டாயிரத்துச் சொச்சத்தில்
ஒன்றுகூட என்னை நம்பியதில்லை.
ஏமாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள
ஒரு கோழியும் இல்லை எனக்கு.
அது நிம்மதி மாதிரித்தான் இருந்தது
கொஞ்ச காலம்.

நாளை பிடிக்கிற பையன்கள் வந்ததும்
அக்கா, லைட்ட அமத்துங்க என்பார்கள்.
இருட்டில் கத்தாது.
ஏறி நசுங்கவும் இப்போது எடை விடாது.
கைக்கு ஐந்தாய், தலைகீழாய்,
முதல் ராத்திரியைப் பார்த்தபடி போகும்.

விடிந்ததும்
திறந்து கிடக்கும் கதவு வழியே
என் கோழிகள் உள்ளே நுழையும்.
சிந்திய கம்பெனித் தீவனத்தை
மத்தியானம் வரை கொத்தும்.
விரட்டியிருக்கிறேன், போவதில்லை.

சோலைமலை அண்ணனிடம்
இதை இன்னும் சொல்லவில்லை.